கடலை இல்லாத டப்பா

தேங்காயை உடைக்கும்போதே மிருதுளாவின் நினைப்பு வந்துவிட்டது. அரிவாளின் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு போடு, சரியாக நடுவில் விரிசல், தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்தது, அந்த நொடியில் நான் ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் தலையை நினைத்தேன். நினைத்தது நான்தான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நல்ல பிள்ளைதான் அது. ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, லிஃப்டில் பார்த்தால் குட் மார்னிங் ஆன்ட்டி என்று சொல்லும், விழுந்த பல்லின் ஓட்டை வழியாகக் காற்றுப் போகும். என் மகள் தன்ஷிகாவின் வகுப்பு, எங்கள் குடியிருப்பிலேயே எதிர் பிளாக், ஒரே வேன். அந்தப் பிள்ளைக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு வரும், வயிறு கலக்கும் என்பதல்ல, தொண்டை அடைத்து உயிர் போய்விடும். அதனால் அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் கடலை கொண்டுவரக் கூடாது, கடலை பட்ட எதையும் கொண்டுவரக் கூடாது, கையிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு வரும், வீட்டிலும் கொடுக்காதீர்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். என் மகளோ கடலையைத் தவிர உலகத்தில் வேறெதையும் தின்னாத ஜென்மம். இந்த இரண்டு பிள்ளைகளையும் தேடிப் பிடித்து ஒரே வகுப்பில் கொண்டுவந்து உட்கார வைத்தானே ஆண்டவன், அவன் மட்டும் கையில் கிடைத்தால் இதே அரிவாள்தான். தேங்காயின் உள்ளே பார்த்தேன். அழுகல். குப்பையில் எறிந்ததில் ஒரு மூடி சுவரில் பட்டுத் தெறித்து என் காலிலேயே வந்து விழுந்தது, ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள், சுண்டுவிரல் நகம் நீலமாகிவிட்டது.

ஆக, சட்னி இல்லை. இருந்தாலும் தின்னப் போவதில்லை. தேங்காய்ச் சட்னி வெள்ளையாக இருக்கிறதாம், பார்த்தாலே வாந்தி வருகிறதாம். தக்காளிச் சட்னியில் தோல் இருக்கிறதாம். எலுமிச்சை சாதத்தில் கடுகு கிடக்கிறது, அது பூச்சியாம், ஒவ்வொரு கடுகாகப் பொறுக்கி டப்பாவின் மூடியில் வரிசையாக வைத்துவிட்டு, வைத்ததோடு சரி, சாதத்தைத் தொடாமல் மூடிக்கொண்டு வந்துவிடுவாள். தயிர் சாதம் மதியத்துக்குள் புளிக்கும். உருளைக்கிழங்கு போய்ச் சாதத்தைத் தொட்டுவிட்டால் சாதம் செத்துவிட்டது. முட்டை நாற்றம், பருப்பு நாற்றம், நானே ஒரு நாற்றம். கடலை மட்டும் மணக்கும். எங்கள் காங்கேயம் பக்கத்தில் கடலைக்காய் இல்லாமல் சமையலே கிடையாது, சட்னிக்குக் கடலை, பொடிக்குக் கடலை, தாளிக்கக் கடலெண்ணெய், கர்ப்பமாக இருந்தபோது நானே மடி நிறைய வறுத்துக் கொட்டிக்கொண்டு விடிய விடியத் தின்றிருக்கிறேன், வயிற்றுக்குள்ளேயே பழகிக்கொண்டாள் போல. பொட்டுக்கடலையை அரைத்து இதுதான் அது என்று வைத்தேன். நாக்கின் நுனியில் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை, கள்ளநோட்டுக் கொடுத்தவளைக் கடைக்காரன் பார்ப்பதுபோல. எள் வைத்தேன், கசக்கிறது. சூரியகாந்தி எண்ணெயில் தோசை வார்த்தேன், மருந்து வாசனை வருகிறது. கல்லைத் தின்றாலும் கரைகிற வயசு என்று ஊரெல்லாம் பிள்ளைகளைச் சொல்கிறார்கள், என் பிள்ளை கல்லையாவது தின்றாளா, தின்றால் பொறுக்கி எடுத்து அலசி வைத்திருப்பேனே.

வெள்ளிக்கிழமை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். மிஸ் போன் பண்ணி, "சாப்பாடு குடுத்து விடறீங்களா இல்லீங்களா?" என்று கேட்டாள். குடுத்து விடறீங்களா. அந்த வாயில் அப்போது என் கை எட்டியிருந்தால் பற்கள் மிஞ்சியிருக்காது. ஆட்டோ பிடித்துப் போனேன், மேசைமேல் படுக்க வைத்திருந்தார்கள், தூக்கினேன், கனமே இல்லை, துவைத்துப் பிழிந்த துணியைத் தூக்குவதுபோல இருந்தது. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக என் உள்ளங்கையில் தட்டுப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் மிருதுளா ஓடிக்கொண்டிருந்தாள், புஷ்டியாக, கன்னம் குலுங்க, என் பிள்ளையின் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டுதான் அந்தக் கன்னம் ஊதியிருக்கிறது என்று தோன்றியது, பைத்தியக்கார எண்ணம், ஆனால் தோன்றியது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். எவன் சொன்னானோ, அவன் பிள்ளை கொழுக்கட்டை மாதிரி இருந்திருக்கும். ஊரான் பிள்ளைக்காக நான் வளர்த்த பிள்ளை மேசைமேல் கிடந்தாள், உதடு வெடித்து. அந்த வெடிப்பு, இல்லை, அது அதற்கப்புறம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அதை நினைக்க வேண்டாம். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாயிற்று, எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் தேய்க்க வேண்டும், தேய்க்கிறேன், வெங்காயம் கல்லில் சுர்ரென்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பருப்பு சாதம். நினைக்க வேண்டாம் என்றால் அது வந்துதான் நிற்கும். இரண்டு முழங்காலுக்கு நடுவில் அவளை இடுக்கி, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் கரண்டியைத் திணித்தேன். கரண்டி பல்லில் பட்டுக் கிண்ணென்றது. துப்பினாள். மறுபடி திணித்தேன். என் முகத்திலேயே துப்பினாள். மூன்றாம் முறை கரண்டி உதட்டில் மோதியது, சாதத்தில் சிவப்பாக வந்தது, அந்தச் சிவப்பைப் பார்த்தும் என் கை நிற்கவில்லை, கை நிற்கவில்லை, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று என் குரலே கொஞ்சிக்கொண்டிருந்தது. பூபதிதான் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தான். "கொன்னு போட்ருவ போல இருக்குது புள்ள," என்றான். என் புருஷன் பம்ப்செட் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன், எந்த மோட்டார் எந்தச் சத்தத்தில் எரியப் போகிறது என்பது அவனுக்குத் தெரியும். அதன்பிறகு அவள் என்னிடம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை, அப்பாவிடம் போய் வாங்கிக்கொண்டாள். இன்னொரு தடவை இந்தக் கையை நான் நம்ப முடியாது. இன்றைக்கு அவள் தின்றே ஆக வேண்டும், நான் தொடாமல், திணிக்காமல், அவளாகவே தின்ன வேண்டும்.

அதற்குத்தான் கடலையை எடுத்தேன். சுற்றி வளைப்பானேன், எழுந்ததுமே தீர்மானம் பண்ணிவிட்டேன், தேங்காய் உடைத்ததெல்லாம் என்னை நானே ஏமாற்றிக்கொள்ளத்தான். வாணலியில் போட்டு வறுத்தேன், பொட்டுப் பொட்டாகக் கறுத்தது, தட்டில் கொட்டி உள்ளங்கையால் தேய்த்தேன், சுட்டது, சுடட்டும், ஊதினேன், தோல் பறந்து சிங்க்கில் மிதந்தது. மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்ட வேண்டும், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். ஒரு திருகு, நிறுத்து. ஒரு திருகு, நிறுத்து. ஒவ்வொரு திருகுக்கும் மிருதுளாவின் அம்மா பிருந்தா மனசுக்குள் எட்டிப் பார்த்தாள். பிருந்தாவின் காட்டன் புடவை, பிருந்தாவின் மெல்லிய குரல், வாட்ஸ்அப் குழுவில் கை கூப்பிய படத்தோடு "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று வாராவாரம் அனுப்புகிறாளே, ஒத்துழைப்பு, நான் எங்கே ஒத்துழைத்தேன், என் வீட்டு அடுக்களையில் வந்து என் கையை முறுக்கிப் பின்னால் கட்டிவிட்டு நன்றி சொல்கிறாள். ஒரு திருகு. உன் பிள்ளைக்கு ஆகாதென்றால் உன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளேன். நிறுத்து. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும். ஒரு திருகு. வறுத்த துவரம்பருப்பும் மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துவிட்டேன், நிறம் சிவந்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்து பார்க்கிற ஆயாம்மா மோந்து பார்த்தாலும் பருப்புப்பொடி என்றுதான் சொல்வாள். மிக்ஸி மூடியைத் திறந்ததும் சூடாக ஒரு மணம் மூக்கில் ஏறியது. எத்தனை நாளாயிற்று இந்த மணம் இந்த வீட்டில் வந்து, வாய் ஊறியது, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டேன், அந்த நாக்கோடுதான் அதை நினைத்தேன், ஆயுத பூஜையை.

நினைத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் குடியிருப்பில் செக்யூரிட்டி அறைக்கு முன்னால் பூஜை, எல்லா வண்டிக்கும் சந்தனம், குங்குமம், முடிந்ததும் பொரி, பொட்டுக்கடலை, அவல், வெல்லம் கலந்து ஆளுக்கொரு பொட்டலம். யாரோ அதில் நிலக்கடலையும் போட்டுவிட்டார்கள், நல்ல மனசோடுதான் போட்டிருப்பார்கள். மிருதுளா ஒரு பிடி வாயில் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். முதலில் காதைச் சொறிந்தாள். பிறகு உதடு தடித்தது, கண் இடுங்கியது, என் கண் முன்னாலேயே அந்த முகம் வேறு யாரோவாக மாறியது, மூச்சு இழுக்கிறாள், விசில் சத்தம் வருகிறது, காற்று உள்ளே போகவில்லை. பிருந்தா அலறவில்லை. பையைக் கவிழ்த்தாள், இதற்கென்றே எப்போதும் வைத்திருக்கிற மருந்து ஊசியை எடுத்தாள், பிள்ளையைத் தரையில் மல்லாத்தி நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி, பாவாடைக்கு மேலேயே தொடையில் குத்தினாள். அந்தக் காட்டன் புடவை, அந்த மெல்லிய குரல், அப்படி ஒரு குத்து. ஆட்டை அறுக்கிறவன்கூட அவ்வளவு வேகமாகக் குத்தமாட்டான். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதனால் என்ன என்கிறது என் மனசு, பிழைத்துக்கொண்டதல்லவா, ஊசி இருக்கிறதல்லவா, மிஸ்ஸிடமும் ஒன்று கொடுத்திருக்கிறார்களாம். மிருதுளாவுக்குத் தனி பெஞ்சு, தனித் தட்டு. என் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து நாலு வாய் தின்றுவிட்டுக் கைகழுவினால் காற்றிலா பறந்துபோய் அவள் வாயில் விழப் போகிறது? விழாது. விழுந்தால்? விழாது என்கிறேனே. விழுந்தால் அந்த விசில் சத்தம். மிஸ் ஊசியைத் தேடுவாள், பீரோ சாவியைத் தேடுவாள், அந்த மிஸ்ஸுக்குக் குத்தத் தெரியுமா, முழங்காலை ஊன்றத் தெரியுமா, குடுத்து விடறீங்களா என்று போன் பண்ணத்தான் தெரியும். வெள்ளைத் துணி. செக்யூரிட்டி அறைக்கு முன்னால் ஷாமியானா. நானும் போக வேண்டும், எதிர் பிளாக், போகாமல் இருக்க முடியாது, ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய், பிருந்தாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், அழுதுகொண்டிருக்கும்போதே நாளையிலிருந்து கடலை வைக்கலாம் என்று இந்தப் பாழும் மனசு கணக்குப் போடும், போடும், எனக்குத் தெரியும், இப்போதே போட்டுவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். என்ன பெண் நான்! காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, துப்பினால் கடலைதான் வரும்.

தோசையைச் சின்னதாக வார்த்தேன், பொடியைத் தூவி, நாட்டுச் சர்க்கரை தூவி, சுருட்டினேன். "என்ன புள்ள, வாசம் தூக்குது," என்று பூபதி வந்து எட்டிப் பார்த்தான். பார்த்தான், மிக்ஸியைப் பார்த்தான், சிங்க்கில் மிதக்கிற தோலைப் பார்த்தான். "இது அங்கெல்லாம் கூடாதுன்னாங்களே," என்றான். "உங்களுக்கு வேற எதாச்சும் தெரியுமா? தெரிஞ்சா நீங்க ஊட்டுங்க. நான் விலகிக்கிறேன்," என்றேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். தடுப்பான் என்று நினைத்தேனா? ஆமாம், நினைத்தேன். என் கையிலிருந்து பிடுங்கி எறிவான், ஞாயிற்றுக்கிழமை மாதிரி தோளைப் பிடித்து இழுப்பான், பழியை அவன்மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாகக் கத்தலாம் என்று நினைத்தேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீரில் அவனை முக்கிப் பிடிக்கலாம்போல் இருந்தது.

தன்ஷிகா எழுப்பாமலே எழுந்து வந்தாள். மூக்கை உயர்த்திக்கொண்டு வந்தாள். "அம்மா, கடலையா?" என்றாள், அந்த முகம் விரிந்ததே, ஞாயிற்றுக்கிழமைக்கப்புறம் என்னைப் பார்த்து விரிந்த முதல் முகம். நின்றபடியே இரண்டு சுருளைத் தின்றாள், கீழே சிந்தியதை விரலால் ஒற்றி எடுத்துத் தின்றாள். எனக்கு அழுகை முட்டியது. தின்கிறாள், என் பிள்ளை தின்கிறாள், அதற்குமேல் இந்த உலகத்தில் எவள் செத்தால் எனக்கென்ன. சீருடை மாட்டினேன், பின்னல் போட்டேன், டப்பாவில் நாலு சுருள் வைத்து அழுத்தி மூடினேன். "யார்கிட்டயும் இது கடலைன்னு சொல்லக் கூடாது கண்ணு. பருப்புப்பொடின்னு சொல்லோணும். தனியா உக்காந்து சாப்பிடோணும். சரியா?" என்றேன். தலையாட்டினாள். அவளுக்கு ஒரு ரகசியம் கிடைத்துவிட்டது, குதிக்கிறாள். பையை என் தோளில் மாட்டிக்கொண்டேன், டப்பாவின் சூடு பையைத் தாண்டி என் விலாவில் பட்டது.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "அம்மா, மிருதுளாவுக்கு மட்டும் சொல்றேன்."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னேன்ல."

"அவ பாவம்மா. கடலைன்னா எப்படி இருக்கும்னே அவளுக்குத் தெரியாது. நான் ஒண்ணே ஒண்ணு குடுப்பேன்."

"என்ன குடுப்ப? அவளுக்கு ஆகாதுன்னு மிஸ் சொல்லலையா?"

"அவளுக்கு எச்சி பண்ணிக் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நான் காக்காக்கடி கடிச்சுத்தான் குடுப்பேன். போன வாரங்கூட சப்பாத்தி அப்படித்தான் குடுத்தேன். டெய்லியும் அப்படித்தான். ஒண்ணும் ஆகலையே?" என்று சீருடைப் பினஃபோரின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். விளிம்பில் எண்ணெய்க் கறை, கறைக்கு நடுவில் சின்னச் சின்னப் பல்தடம். துணிக்குள் பண்டத்தை வைத்து, துணியோடு சேர்த்துக் கடித்து, பாதியை உடைத்துக் கொடுப்பது. வாய் படாது, எச்சில் இல்லை, தோஷம் இல்லை. நாங்களெல்லாம் அப்படித்தான் மிட்டாய் பங்கு போட்டோம். போன மாசம் கல்யாண வீட்டில் பர்பியை அப்படிக் கடித்துக் காட்டி இவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். துணி இருந்தால் எதுவும் தாண்டாது என்று இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். போன வாரம் இரண்டு நாள் டப்பா பாதி காலியாக வந்ததே, சாமிக்கு நேர்ந்துகொண்டேனே, அது மிருதுளாவின் வயிற்றுக்குள் போனதா? நான் வைத்த சப்பாத்தியை, நான் தினமும் மனசால் அடித்துக் கொல்கிற பிள்ளை, தின்றிருக்கிறாள். தினமும் தின்றிருக்கிறாள். இன்றைக்கும் கை நீட்டுவாள். லிஃப்ட் கதவு திறந்தது.

வேன் நின்றுகொண்டிருந்தது. மிருதுளா ஜன்னலோரம் உட்கார்ந்தாயிற்று, பிருந்தா வெளியிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் பைக்குள் கையை விட்டு டப்பாவை உருவினேன். "என்னுது! என்னுதும்மா! குடு!" தன்ஷிகா பாய்ந்து பிடித்துக்கொண்டாள். இழுத்தேன். அவளும் இழுத்தாள், மேசைமேல் துணிமாதிரிக் கிடந்த பிள்ளைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது, மூடி கழன்றது, சுருள்கள் சிமென்ட் தரையில் உருண்டன, அவள் குப்புற விழுந்து அள்ளினாள், இரண்டு கை நிறையப் பொடி. எல்லோரும் பார்த்தார்கள். "ஐயோ, விடுங்க தன்ஷிகாம்மா, குழந்தைதானே," என்று பிருந்தா ஓடி வந்தாள். "தோசை போனாப் போகட்டும், மிருதுளாவுக்கு இட்லி அதிகமாத்தான் வச்சிருக்கேன், ரெண்டு குடுத்தனுப்பறேன்." குனிந்து, உருண்டு கிடந்த சுருளை எடுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் மூக்குக்கு வாசனை எட்டியிருக்கும். அந்த வாசனைக்கு அவளைவிடப் பயந்தவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? மெதுவாக நிமிர்ந்தாள். "தெரிஞ்சேவா வச்சீங்க?" என்று கேட்டாள், அதே மெல்லிய குரலில்.

எத்தனை பதில் இருந்தது! மாவு மில்லில் கலந்துவிட்டது, வேலைக்காரி தெரியாமல் போட்டுவிட்டாள், அவள் அப்பாவுக்கு வைத்தது டப்பா மாறிப்போனது. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன, எதைச் சொன்னாலும் நம்பியிருப்பாள், நன்றிகூடச் சொல்லியிருப்பாள்.

"தெரிஞ்சேதானுங்க வச்சேன்," என்றேன்.

அறை காதோடு சேர்த்து விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது, கம்மலின் திருகு கழுத்தில் குத்தியது. டிரைவர் இறங்கி ஓடி வந்தான். அவள் மறுபடி கையை ஓங்கினாள், நான் முகத்தை அசைக்கவில்லை, அடிக்கட்டும், காலையிலிருந்து நான் அடித்த அடிக்கு இது எந்த மூலைக்கு. ஆனால் அதற்குள் தன்ஷிகா எழுந்துவிட்டாள். "எங்கம்மாவ அடிக்காதீங்க! எங்கம்மாவ அடிக்காதீங்க!" என்று பிருந்தாமேல் பாய்ந்தாள், அந்தப் பொடிக் கையோடு, அந்த இரண்டு கையோடு. நான் குறுக்கே விழுந்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தேன். முறுக்கித்தான் பிடித்தேன், வலித்திருக்கும், கடித்தாள், நான் விடவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு செக்யூரிட்டி அறைப் பக்கத்துக் குழாய்க்கு ஓடினேன், குழாயைத் திறந்து, அங்கே கிடந்த துணி சோப்பை எடுத்து, அவள் கதறக் கதற ஒவ்வொரு விரலாக, நகக் கண்ணெல்லாம், தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தமாகவே வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை.

வேன் ஜன்னலிலிருந்து மிருதுளா தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி," என்று கூப்பிட்டாள், பல் ஓட்டையில் காற்றுப் போயிற்று. "தன்ஷிகாவுக்கும் என்னை மாதிரியே அலர்ஜியா?"

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது.